அம்மாவுக்கு வந்ததுதானா எனக்கும்

என்னைச் சோதிக்கிறார்கள் என்று முதலில் எனக்குப் பட்டது ஒரு போன் பேச்சில்தான்.

என் மகளைக் கீழே சமவெளியில், முதலமடையில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். மாந்தோப்புகளைக் குத்தகைக்கு எடுத்து வியாபாரம் செய்கிற குடும்பம். நானும் என் வீட்டுக்காரரும் மலைமேல் சின்னக்கானலில் இருக்கிறோம். அவர் சுற்றுலா வருகிறவர்களுக்கு ஜீப் ஓட்டுகிறார், நான் ஒரு ரிசார்ட்டில் சமையல் வேலை பார்க்கிறேன். சாயங்காலம் பிள்ளைக்குச் சோறு ஊட்டி முடித்த கையோடு மகள் என்னைக் கூப்பிடுவாள். மாமியார் சொன்னது, லாரி வராமல் மாங்காய் பழுத்துப்போனது, பிள்ளைக்குப் பல் முளைத்தது என்று ஏதாவது பேசுவாள். அந்த வருடம் மழை பிடித்ததும் அவள் பேச்சு மாறிப்போனது.

"அம்மா, இன்னைக்கு என்ன கிழமைங்கம்மா?"

"ஏன், உங்க வீட்டுல காலண்டர் இல்லையா?"

"சும்மா கேட்டேனுங்க."

கல்யாணமாகிப் போனதிலிருந்து அந்தப் பக்கத்துப் பேச்சு அவளிடம் ஒட்டிக்கொண்டிருந்தது. அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. ஆனால் பெற்ற தாயிடம் 'ங்க' போட்டுப் பேசும்போது எங்கேயோ தள்ளி நின்று பேசுவது போல இருக்கும். மறுநாள் கேட்டாள், நேற்று என்ன குழம்பு வைத்தேன் என்று. அதற்கடுத்த நாள், தன் கல்யாணத்தில் ஆரத்தி எடுத்தது யார் என்று. எல்லாவற்றுக்கும் 'சும்மா' என்றுதான் காரணம் சொன்னாள்.

சும்மா இல்லை என்று எனக்குத் தெரியும். என் அம்மாவிடம் நான் இதே கேள்விகளை இதே குரலில் கேட்டிருக்கிறேன்.

அம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவள். வேலையிலிருந்து நின்ற பிறகு கடைசிவரை எங்களோடுதான் இருந்தாள். அவளுக்கு மறதி நோய் வந்தது. மறதி என்றால் ஆரம்பத்தில் மறதியே இல்லை, சந்தேகம்தான். தன் மோதிரத்தை யாரோ எடுத்துவிட்டார்கள் என்பாள். கஞ்சியை ஒரு வாய் குடித்துவிட்டு, "இதுல என்னமோ கலந்திருக்காளுக" என்று கீழே வைத்துவிடுவாள். நாங்கள் எதுவும் கலந்ததில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் ஜன்னல் வழியாகத் தன்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்பாள். பிறகுதான் ஒவ்வொன்றாக மறந்தாள். என் பெயரை மறந்தாள், கழிப்பறை எந்தப் பக்கம் என்பதை மறந்தாள், கடைசியில் விழுங்குவதையே மறந்தாள். என் மகள் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் பார்த்து வளர்ந்தவள்.

அதனால் அவள் கேள்வி கேட்டதும் எனக்கு விளங்கிவிட்டது. அம்மாவுக்கு வந்தது எனக்கும் வந்துவிட்டதோ என்று பார்க்கிறாள். இவளுக்கு இதை யார் சொன்னது? வீட்டில் என்னோடு இருப்பது ஒரே ஒருவர்தானே.

அவரைக் கவனிக்கத் தொடங்கினேன்.

அவர் மத்தியானத்தில் வீட்டுக்கு வருகிறவர் இல்லை. சவாரி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஜீப் நிற்கிற இடத்தில் மற்ற டிரைவர்களோடுதான் இருப்பார். அந்த மழைக்காலத்தில், எனக்கு வேலை இல்லாத நாட்களில், நடுப்பகலில் திடீரென்று வந்து நிற்பார். நேராக அடுப்படிக்குப் போவார். கேஸ் மூடியிருக்கிறதா என்று பார்ப்பார். பார்த்துவிட்டுத் தண்ணீர் குடிக்க வந்தவர் போல ஒரு டம்ளர் மொண்டு குடிப்பார். தாகம் இல்லாமல் குடிக்கிற தண்ணீர் தொண்டையில் இறங்குகிற விதமே வேறு. நான் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒரு நாள் நேரம் தாழ்த்தி வந்தார். "யானை நின்னுச்சு. ரெண்டு பக்கமும் வண்டி நிப்பாட்டிட்டாக" என்றார். எங்கள் ஊரில் யானையைச் சொல்லித் தாமதத்துக்குச் சமாதானம் சொல்வது சாதாரணம், பெரும்பாலும் அது நிஜமாகவும் இருக்கும். ஆனாலும் அவர் குளிக்கப் போனதும் நான் வேறொரு டிரைவரின் பெண்சாதிக்குப் போன் போட்டு ரோட்டில் யானை நின்றதா என்று கேட்டேன். நின்றது என்றாள். போனை வைத்த பிறகும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. இவளிடமும் சொல்லிவைத்திருப்பாரோ என்றுதான் தோன்றியது.

இதை எழுதும்போது சிரிப்பு வருகிறது. அப்போது வரவில்லை.

ரிசார்ட்டிலும் நிலைமை சரியில்லை. அங்கே நான்தான் தமிழ்நாட்டுச் சாப்பாடு போடுகிறவள். சாம்பார், ரசம், வத்தக்குழம்பு என்று கேட்டு வாங்கிச் சாப்பிடுகிற ஆட்கள் உண்டு. அந்தச் சமயத்தில் சாம்பாருக்கு இரண்டு முறை உப்புப் போட்டேன். இன்னொரு நாள் உப்பே போடவில்லை. ரசத்துக்குப் புளி கரைத்து வைத்தேன். பிறகு அது எதற்குக் கரைத்தது என்று தெரியாமல் பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சமையலறைப் பொறுப்பில் இருந்தவர் கட்டப்பனைப் பக்கத்து மலையாளி, நல்ல மனிதர். "சேச்சி, குறச்சு நாள் காய் வெட்டுங்க, ரெஸ்ட் எடுத்த மாதிரி இருக்கும்" என்றார். அடுப்பிலிருந்து என்னை இறக்கிவிட்டார் என்று எனக்குப் புரிந்தது. என் வீட்டுக்காரர் ரிசார்ட்டுக்கு ஆள் இறக்க வரும்போதெல்லாம் இவரோடு நின்று பேசுவது வழக்கம். அதையும் இதையும் சேர்த்துக் கணக்குப் போட்டுக்கொண்டேன்.

மூலையில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்குவேன். பகலிலேயே கண் சொருகும். உருளைக்கிழங்கு மூட்டையில் சாய்ந்தபடி தூங்கியிருக்கிறேன். ராத்திரியில் தூங்கி எழுந்தால் தூங்கியது போலவே இருக்காது. குறட்டை விடுகிறேன் என்று அவர் சொன்னதையும் நான் நம்பவில்லை. கொதிக்கிற அண்டாவுக்குப் பக்கத்தில் நின்றாலும் குளிரும், ஸ்வெட்டரைக் கழற்றுவதே இல்லை. தொண்டை கட்டியது போலக் குரல் கரகரத்தது. சீப்பில் கொத்துக் கொத்தாக முடி வந்தது. மழை, வயது, வேலை என்று ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு காரணம் வைத்திருந்தேன். எல்லாம் ஒன்றாக இருக்கலாம் என்று நினைக்கவே இல்லை.

பிறகு வளையல் விஷயம் வந்தது.

என் கையில் வருடக்கணக்காகக் கிடக்கிற கவரிங் வளையல் இரண்டு. சோப்புப் போடாமலே கழற்றலாம், அவ்வளவு தளர்வாக இருக்கும். ஒரு நாள் காலையில் கழற்றப் பார்த்தால் வரவில்லை. மணிக்கட்டில் இறுகிப் பிடித்துக்கொண்டிருந்தது. உற்றுப் பார்த்தேன். வளையலில் இருந்த பூ வேலைப்பாடு வேறு மாதிரி தெரிந்தது. என் வளையலை மாற்றிவிட்டார்கள் என்று முடிவு செய்தேன். யார், எப்போது, எதற்காக? இந்தக் கேள்விகள் எனக்கு வரவில்லை. மாற்றிவிட்டார்கள் என்ற நினைப்பு மட்டும் வந்தது, அது அசைக்க முடியாமல் உட்கார்ந்துகொண்டது.

அவர் ஜீப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். போய்க் கையை நீட்டினேன்.

"இது என் வளையல் இல்ல."

"வேற யாரு வளையல்?"

"அது உங்களுக்குத்தான் தெரியும்."

அவர் துணியைப் பிழிந்தபடி என் கையைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார். "கை வீங்கியிருக்கு. முகமும்தான் வீங்கியிருக்கு" என்றார். எவ்வளவு சாமர்த்தியமாகப் பேச்சை மாற்றுகிறார் என்று நினைத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

உள்ளே வந்து உட்கார்ந்த பிறகுதான் வேறொரு பயம் பிடித்தது. அம்மாவும் மோதிரத்தில்தானே ஆரம்பித்தாள்? நான் சந்தேகப்படுவது சரி என்றால் என் வீட்டு ஆட்கள் எனக்கு விரோதிகள். சந்தேகம் தவறு என்றால் எனக்கு அம்மாவின் நோய். இரண்டில் எது தேவலை என்று யோசித்தேன். விரோதிகள் இருப்பதே தேவலை என்று பட்டது. அதனால் இன்னும் கவனமாக வேவு பார்த்தேன்.

அப்படி வேவு பார்த்துத்தான் பால் விஷயத்தைக் கண்டுபிடித்தேன்.

கொஞ்ச நாளாகவே சாயங்காலம் அவர் எனக்குப் பால் ஆற்றித் தந்துகொண்டிருந்தார். கல்யாணமான நாளிலிருந்து எனக்கு ஒரு காபி போட்டுத் தராத மனிதர். பாலில் மண்வாசனை அடித்தது, குடித்து முடித்தால் டம்ளரின் அடியில் பழுப்பாக வண்டல் நின்றது. ஒரு நாள் குடிப்பது போலப் பாவனை செய்து, பின்பக்கம் போய்ச் சௌசௌ கொடியின் அடியில் ஊற்றினேன். மறுநாளும் ஊற்றினேன். அதற்கடுத்த நாள் அவர் அடுப்படியில் இருக்கும்போது பின்வாசல் வழியாகச் சத்தமில்லாமல் போய் நின்றேன். அரிசி டின்னுக்குப் பின்னாலிருந்து ஒரு டப்பாவை எடுத்தார். ஒரு ஸ்பூன் பொடியை அள்ளிப் பாலில் போட்டுக் கலக்கினார்.

"பால்ல என்ன போட்டீக?"

அவர் திடுக்கிட்டதில் ஸ்பூன் கீழே விழுந்தது.

"ஒண்ணுமில்ல. சர்க்கரை."

"பழுப்பாவா இருக்கும் சர்க்கரை? என்னத்தக் கலந்திருக்கீக இதுல?"

கேட்ட பிறகுதான் அந்தச் சொற்கள் என் காதிலேயே விழுந்தன. அம்மாவின் வாயிலிருந்து வந்த அதே சொற்கள். அவருக்கும் அது கேட்டிருக்க வேண்டும். டப்பாவை என்னிடம் நீட்டினார். ஞாபகசக்திக்கு என்று கொல்லங்கோட்டில் யாரோ விற்கிற மூலிகைப் பொடியாம். மகள் வாங்கிப் பஸ்ஸில் கொடுத்துவிட்டிருக்கிறாள்.

"சொன்னா குடிக்க மாட்டேன்னு நினைச்சோம்" என்றார்.

"நினைச்சோமா? அப்ப ரெண்டு பேரும் பேசிவச்சுத்தான் எல்லாம் நடக்குது."

"நீ உங்கம்மா மாதிரியே பேசுற. அதான் எங்களுக்குப் பயமா இருக்கு."

அதைச் சொல்லியிருக்கக் கூடாது என்று அவர் முகத்திலேயே தெரிந்தது. ஆனால் எனக்குக் கோபத்தைவிட நிம்மதிதான் அதிகம் வந்தது. நான் சந்தேகப்பட்டது நிஜமாகிவிட்டதே! பாலில் கலந்தார்கள் என்று நினைத்தேன், கலந்திருந்தார்கள். மறைவாகப் பேசுகிறார்கள் என்று நினைத்தேன், பேசியிருந்தார்கள். அப்படியானால் எனக்கு நோய் இல்லை. அன்றைக்கு அந்த நினைப்பைப் பிடித்துக்கொண்டு நன்றாகச் சாப்பிட்டேன். வளையலை மட்டும் யாரும் மாற்றியிருக்கவில்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அந்த வாரமே மகள் வந்துவிட்டாள், பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டு. பஸ் மாறி மாறி ஒரு பகல் முழுக்கப் பயணம். இவ்வளவு தூரம் எதற்கு வந்தாய் என்று கேட்டேன். உங்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகத்தான் என்று இந்தத் தடவை நேராகவே சொன்னாள். "மறைச்சுப் பண்ணினது தப்புதானுங்கம்மா. அந்தப் பொடிய நானே தூக்கிப் போட்டுடுறேன். ஆனா டாக்டர ஒரு தடவை பார்க்கணும்."

வருகிறேன் என்றேன், ஆனால் தயாராகத்தான் போனேன். டாக்டர் என்ன கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும், அம்மாவோடு போயிருக்கிறேனே. ரிசார்ட் வரவேற்பறைப் பலகையில் தினமும் தேதியும் கிழமையும் எழுதுவார்கள். முதல் நாளே அதைப் பார்த்துவந்து மனப்பாடம் செய்தேன். முதலமைச்சர் பெயர், பிரதமர் பெயர், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிப்பது எல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். ஜீப்பில் போகும்போது வாய் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. மகள் பார்த்தாள். சாமி கும்பிடுகிறேன் என்றேன்.

டாக்டர் வயது குறைந்த மலையாளிப் பெண். தமிழும் மலையாளமும் கலந்து பேசினாள். நான் தேதியைச் சொல்லக் காத்திருந்தேன். அவள் தேதியே கேட்கவில்லை.

"சேச்சி, தணுப்பு கூடுதலா தோணுதா?" என்று என் ஸ்வெட்டரைப் பார்த்துக் கேட்டாள்.

"மலையில குளிரத்தானே செய்யும்?"

"மகளும் இதே மலைக்குத்தானே வந்திருக்காங்க. அவங்க ஸ்வெட்டர் போடலையே?"

பிறகு குரல் எப்போதிருந்து இப்படி என்று கேட்டாள். வயிறு ஒழுங்காகப் போகிறதா, முடி கொட்டுகிறதா, தூக்கம் எப்படி என்றெல்லாம் கேட்டாள். உள்ளங்காலில் மரத்த மாதிரி இருக்கிறதா என்றாள். இருந்தது, ஆனால் யாரிடமும் சொன்னதில்லை. இவளுக்கு யார் சொல்லியிருப்பார்கள் என்று மகளைத் திரும்பிப் பார்த்தேன். டாக்டர் என் கழுத்தைத் தடவிப் பார்த்தாள், எச்சிலை விழுங்கச் சொன்னாள். ஒரு சின்னச் சுத்தியலால் கணுக்காலுக்குப் பின்னால் தட்டினாள். பாதம் துள்ளுவதற்கு மாறாக மெதுவாக அசைந்து, இன்னும் மெதுவாகப் பழைய இடத்துக்குத் திரும்பியது. டாக்டர் இரண்டாவது முறையும் தட்டிப் பார்த்தாள்.

கடைசியில்தான் நான் படித்துவந்த கேள்விகள் வந்தன. தேதி சொன்னேன், பெயர்கள் சொன்னேன். ஒரு கடிகாரம் வரையச் சொன்னபோது மாட்டிக்கொண்டேன். எண்களையெல்லாம் ஒரே பக்கத்தில் எழுதிவிட்டேன். அதைப் பார்த்து மகள் அழ ஆரம்பித்தாள்.

"அழ வேண்டாம். ரத்தம் பார்க்காம நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றாள் டாக்டர்.

எதற்கு ரத்தம் என்று கேட்டேன். மூளையில் கோளாறு என்றால் மூளையைத்தானே பார்க்க வேண்டும், கையில் குத்துவது எதற்கு? எனக்குத் தெரியாமல் வேறு எதையோ பார்க்கப்போகிறார்கள் என்று தோன்றியது. அவள் சலித்துக்கொள்ளவில்லை. "மூளை தனியா ஒரு பாத்திரத்துல இருக்கிற சாதனம் இல்ல சேச்சி. கழுத்துல ஊறுறது, வயித்துல சேர்றது, ரத்தத்துல ஓடுறது எல்லாம்தான் அங்க போகுது. அது குறைஞ்சா மூளையும் குறையும்" என்றாள்.

ரத்தம் கொடுத்தேன். முடிவு வந்தபோது மகள் ஊருக்குத் திரும்பாமல் இருந்தாள், மூவரும் போனோம். கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி எனக்குக் கிட்டத்தட்ட வேலையை நிறுத்திவிட்டிருந்தது. அதோடு பி12 என்ற வைட்டமினும் மிகவும் குறைவு. டாக்டர் ஒரு காகிதத்தின் பின்பக்கத்தில் தலை, கழுத்து என்று வரைந்து காட்டினாள். கழுத்தில் சுரக்கிறது குறைந்தால் உடம்பில் எல்லாமே மெதுவாகும், யோசனை உட்பட. முகமும் கையும் உப்பும், குரல் தடிக்கும், பகல் முழுக்கத் தூக்கம் வரும், ராத்திரி குறட்டையால் நல்ல தூக்கம் கெடும். தூக்கம் கெட்டால் ஞாபகம் தங்காது. பி12 இல்லையென்றால் நரம்பின் மேல் இருக்கிற உறை கெட்டுப்போகும், கால் மரக்கும், மனசும் தடுமாறும்.

"சந்தேகம் வருமா?" என்று கேட்டது என் வீட்டுக்காரர்.

"வரும். சிலருக்கு அதுதான் பெருசா தெரியும்."

அவர் என் பக்கம் திரும்பவில்லை. வளையலைப் பார்த்துக்கொண்டு நான்தான் உட்கார்ந்திருந்தேன்.

"அப்ப எங்கம்மாவுக்கு மறதி நோய் இல்லைங்களா?" என்றாள் மகள்.

"இப்ப அப்படிச் சொல்ல மாட்டேன். உண்டுன்னும் சொல்ல மாட்டேன், இல்லைன்னும் சொல்ல மாட்டேன். முதல்ல இத சரிபண்ணுவோம். பிறகும் மறதி இருந்தா அப்ப பார்ப்போம்."

அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை. எதையோ மூடி மறைக்கிறாள் என்றே நினைத்தேன்.

மாத்திரை கொடுத்தார்கள், வாரா வாரம் ஊசி போடச் சொன்னார்கள். ஊசியை நம்பினேன், வலித்ததால். மாத்திரையை நம்பவில்லை. இத்தனை சின்னதாக வெள்ளையாக ஒன்று என் தலையைச் சரிசெய்யும் என்று எப்படி நம்புவது? ஆனாலும் யாரும் குறை சொல்லக் கூடாது என்று தினமும் எழுந்ததும் பால் ஊற்றாத கட்டன் சாயாவோடு விழுங்கினேன். எலும்புக்கு என்று முன்பே வாங்கிவைத்திருந்த கால்சியம் மாத்திரையையும் சேர்த்துக்கொண்டேன். ஒரு மாதத்துக்கு மேல் போனது. கால் மரத்தது கொஞ்சம் குறைந்தது. மற்றபடி குளிர், வீக்கம், தூக்கம் எதிலும் மாற்றம் இல்லை. பார்த்தீர்களா, ஏமாற்று மாத்திரை என்று அவரிடம் சொன்னேன்.

மறுபடி ரத்தம் பார்த்தபோது டாக்டரும் நெற்றியைச் சுருக்கினாள். "மாத்திரை கழிக்கிறது, சாப்பிடுறது உண்டோ, இல்லையோ? சத்தியம் சொல்லணும்."

"தினமும் போடுறேன்."

"எப்படிப் போடுறீங்க? அப்படியே செஞ்சு காட்டுங்க."

கட்டன் சாயா, கால்சியம் எல்லாம் சொன்னேன். அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். கால்சியம் அந்த மாத்திரையை உடம்பில் சேரவிடாமல் பிடித்துக்கொள்ளுமாம், டீயும் காபியும் தொந்தரவு செய்யுமாம். வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில் விழுங்கிவிட்டு நன்றாக இடைவெளி விட்டுத்தான் சாயா. கால்சியம் சாயங்காலத்துக்கு. முதல் தடவையே சொல்லியிருந்தாளாம். ஊருக்குப் போயிருந்த மகளிடம் போனில் கேட்டபோது அவளும் ஆமாம் என்றாள். எனக்கு ஞாபகம் இல்லை.

எழுந்ததும் சாயா குடிக்காமல் இருப்பது எங்கள் ஊரில் பெரிய தண்டனை. முதல் கொஞ்ச நாள் வாசலில் உட்கார்ந்து எதிர்ச் சரிவில் கொழுந்து பறிக்கப் போகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அவர் எனக்காகத் தன் சாயாவையும் தள்ளிப்போட்டு, போர்வையைப் போர்த்திக்கொண்டு பக்கத்தில் உட்காருவார். என்னைக் கண்காணிக்கத்தான் உட்காருகிறார் என்று தோன்றும். தோன்றியதும், இது நான் நினைக்கிறேனா, நோய் நினைக்கிறதா என்று கேட்டுக்கொள்வேன். அப்படிக் கேட்டுக்கொள்ள முடிந்ததே ஒரு முன்னேற்றம் என்று பிறகு புரிந்தது.

எந்த நாளில் சரியானேன் என்று சொல்ல முடியாது. ஒரு நாள் ஸ்வெட்டரைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, மாட்டியதை மறந்து வேலைக்குப் போய்விட்டேன். ஒரு நாள் வளையல் தானாகக் கழன்று பாத்திரம் கழுவுகிற தொட்டியில் விழுந்தது. எடுத்துப் பார்த்தேன். அதே பழைய பூ வேலைப்பாடு. கரகரப்பு போய், போனில் என் குரலைக் கேட்டு மகள் "யாருங்க?" என்று விளையாட்டுக்குக் கேட்டாள். ரிசார்ட்டில் ஒரு நாள் ரசம் வைக்கிறவர் வரவில்லை. நானே எழுந்து போய் வைத்தேன். பொறுப்பாளர் கரண்டியில் எடுத்துக் குடித்துப் பார்த்துவிட்டு இன்னொரு கரண்டி எடுத்தார். மறுநாளிலிருந்து அடுப்புக்குத் திரும்பினேன். தூக்கம்தான் கடைசியாக வந்தது. வந்தபோது எவ்வளவு ஆழமாக வந்ததென்றால், விடியற்காலைச் சவாரிக்கு அவர் ஜீப்பைக் கிளப்பிப் போனதுகூடத் தெரியவில்லை.

இத்தோடு முடிந்திருந்தால் நல்ல கதை.

தலை தெளியத் தெளிய அம்மா ஞாபகத்துக்கு வந்தாள். நோயில் கிடந்த அம்மா இல்லை, அதற்கு முன்னால் இருந்த அம்மா. சித்திரை வெயிலில் தலையில் துண்டு கட்டிக்கொண்டு குளிருகிறது என்றவள். அவள் குரல் ஆண்குரல் மாதிரி ஆகிவிட்டது என்று நாங்கள் கேலி செய்திருக்கிறோம். புருவத்தின் ஓரம் முடியே இல்லாமல் வழுவழுவென்று இருக்கும். முகம் ஊதி மஞ்சள் பூத்திருந்ததை, உட்கார்ந்து சாப்பிடுகிறாள், அதனால் சதை போட்டிருக்கிறது என்றோம். பகலெல்லாம் சுவரில் சாய்ந்து தூங்கினாள். அந்த மோதிரம் இறுகியிருக்குமோ? இறுகியதால்தான் தன்னுடையது இல்லை என்று கழற்றி எங்கேயோ போட்டாளோ?

ஒரு நாள் சாப்பிட்டு முடித்ததும் அவரிடம் கேட்டேன். "அம்மாவ நீங்கதானே முதல்ல டிஸ்பென்சரிக்குக் கூட்டிட்டுப் போனீக. அப்ப ரத்தம் எடுத்தாகளா?"

அவர் கை கழுவாமல் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எடுத்தாகளான்னு கேக்குறேன்."

"பிரஷர் பார்த்தாக. வயசாயிருச்சு, இப்படித்தான் இருக்கும்னாக. பெரிய ஆஸ்பத்திரிலயும் தேதி கேட்டாக, பேரு கேட்டாக, மறதி நோய்னுட்டாக. நீயும்தான் கூட இருந்த."

"ரத்தம்?"

"எனக்குத் தெரிஞ்சு எடுக்கல."

சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு கை கழுவப் போனார்.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போனேன். அம்மாவைப் பற்றி ஒவ்வொன்றாகச் சொன்னேன். டாக்டர் குறுக்கே பேசாமல் கேட்டாள். அவளுக்கும் இதுதான் இருந்ததா என்றேன்.

"இருந்திருக்கலாம். மறதி நோயும் இருந்திருக்கலாம். ரெண்டும் சேர்ந்தும் இருக்கலாம். கடைசில விழுங்கவே முடியாம போச்சுன்னு சொல்றீங்களே, அது வேற மாதிரியும் தோணுது. போனவங்க ரத்தத்த யாராலயும் பார்க்க முடியாது சேச்சி."

"மாத்திரை குடுத்திருந்தா?"

"தெரியாது."

மழுப்புகிறாளோ என்று அவள் முகத்தைப் பார்த்தேன். மழுப்பவில்லை. உண்மையிலேயே தெரியாதவள் முகம் அது. கல்லுப்புதான் காரணமா, எங்கள் வீட்டில் அந்தக் காலத்தில் அயோடின் இல்லாத கல்லுப்புதானே என்று கேட்டேன். உப்பும் ஒரு காரணமாக இருக்கலாம், உடம்பே தன் சுரப்பியை எதிர்த்து அழிப்பதும் உண்டு, அது குடும்பத்தில் தொடர்ந்து வரலாம் என்றாள். சொல்லிவிட்டு, "மகளையும் ஒருமுறை பரிசோதிக்கச் சொல்லுங்க. அன்னைக்கு வந்தப்போ அவங்க முகத்துல க்ஷீணம் தெரிஞ்சது" என்றாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அந்தச் சொல்லே சுற்றிக்கொண்டிருந்தது. க்ஷீணம். பிள்ளை பிறந்த பிறகு மகள் எப்போதும் அசதி அசதி என்றுதான் சொல்கிறாள். பச்சைப் பிள்ளை வைத்திருக்கிறவள் அசதி என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வாள்? இப்படித்தான் நாங்கள் அம்மாவுக்கும் காரணம் கண்டுபிடித்தோம்.

வீட்டுக்கு வந்ததும் அவளைக் கூப்பிட்டேன். முடி கொட்டுகிறதா என்று கேட்டேன், குளிருகிறதா என்று கேட்டேன், பகலில் கண் சொருகுகிறதா என்று கேட்டேன்.

"என்னத்துக்குங்கம்மா இதெல்லாம் கேக்கறீங்க?" என்றாள். குரலில் லேசான எச்சரிக்கை.

சும்மா என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொல்லவில்லை. டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னேன். ஒரு டம்ளர் ரத்தமா எடுக்கப்போகிறார்கள், கொஞ்சூண்டு கொடுத்துவிட்டு வா என்றேன்.  அவளுக்குப் பின்னால் மாங்காய்ப் பெட்டிகளை ஏற்றுகிற சத்தமும் யாரோ சத்தம் போட்டு லாரியைப் பின்னால் எடுக்கச் சொல்வதும் கேட்டது.

"எனக்கு ஒண்ணும் இல்லைங்கம்மா. சீசன் முடியட்டும், போறேன்" என்றாள்.

சீசன் முடிந்துவிட்டது. இன்னும் போகவில்லை. இந்த வாரம் நானே முதலமடைக்குப் போகலாம் என்று இருக்கிறேன்.